ஆடா, ஒட்டகமா?

பிள்ளை வளர்ப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துக்கொண்டு திரிந்தவள் நான். என் மகள் மெர்லினுக்கு மூன்று வயதானதும் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் விருத்தாசலத்திலிருந்து பொம்மை, கோப்பை, கக்கூஸ் பீங்கான் என்று லாரி லாரியாக வெளியூர் போகும். யார் யாரோ எங்கள் ஊர்ப் பீங்கானில் நிம்மதியாக உட்கார்ந்திருக்க, என் மகள் மட்டும் உட்கார மாட்டேன் என்றாள். டயப்பரோடு கட்டிலுக்குப் பின்னால் போவாள். சுவரைப் பார்த்து நிற்பாள். முகம் சிவந்து திரும்பி வருவாள், கதை முடிந்துவிடும். வாத்து மாதிரி ஒரு பிளாஸ்டிக் கக்கா சேர் வாங்கிக் கொடுத்தோம். அதில் கரடி பொம்மையை உட்கார வைத்துவிட்டு, இவள் வழக்கம்போல் கட்டிலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"வுடு ஸ்டெல்லா, கல்யாணம் வரைக்குமா இப்படியே இருக்கப்போவுது?" என்பார் என் கணவர் அருள். (டயப்பர் மாற்றாதவர்கள் எல்லோரும் ஞானிகள்தான்.)

எனக்கு அவசரம் இருந்தது. செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் வரைகிற வேலை எனக்கு. பிள்ளைக்காக வேலையை விட்டு நின்றிருந்தேன். "பொங்கல் முடிஞ்சதும் வந்துடு. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். மெர்லினை ப்ரீ-கேஜியில் விட்டால்தான் நான் வேலைக்குப் போக முடியும். ஸ்கூலிலோ டயப்பர் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும்போதெல்லாம் எனக்குக் கேடுதான்.) கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கிற பொம்மைகளும் எங்கள் கம்பெனியில் செய்வார்கள். சூளையில் விரிசல் விட்டதை எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். காது போன ஆடுகள், திமில் உடைந்த ஒட்டகங்கள், கிரீடம் மூளியான மூன்று ராஜாக்கள் என்று ஒரு பை நிறையப் பரணில் கிடந்தது.

"வாத்துல உக்காந்து கக்கா போனா ஒரு ஆடு தருவேன்" என்றேன்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அருள் கைதட்டினார்.

அதற்கப்புறம்தான் வினை ஆரம்பித்தது. கொஞ்சம் போய்விட்டு ஒரு ஆடு வாங்குவாள். மீதியை அடக்கி வைத்திருந்து, இட்லி சாப்பிட்டு வந்து இன்னொரு ஆடு வாங்குவாள். "இது பெருசும்மா, ஆடு பத்தாது" என்று பேரம் பேசி ஒட்டகத்துக்கு வந்தாள். சம்பாதித்த ஆடுகள் எல்லாம் வாத்துக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும், அப்போதுதான் அம்மணி உட்காருவாள். ஒட்டகத்துக்கும் மேலான ராஜாக்களை மட்டும் ஆபத்துக்கு உதவும் என்று ஒளித்து வைத்தேன். அருள் தன் கடையிலிருந்து போன் செய்தால் முதல் கேள்வியே, "இன்னிக்கு ஆடா, ஒட்டகமா?"

ஜனவரி முதல் வாரம் மெர்லினைக் கூட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். ஹாலில் குடில் இன்னும் கலைக்காமல் இருந்தது. ஹாலை ஒட்டிய அறையில் தலைமை ஆசிரியை சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பாப்பாவுக்கு பாத்ரூம் பழக்கம் இருக்குதுங்களா?"

"அதெல்லாம் தங்கம் சிஸ்டர். நாம சொல்லவே வேணாம், தானா போயிடுவா."

பெருமையோடு பக்கத்தில் திரும்பினால் நாற்காலி காலி.

ஹாலுக்கு ஓடினேன். மெர்லின் குடிலுக்கு முன்னால், வைக்கோலில் குத்தவைத்திருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வரிசையாக ஆடு நிற்கிறது, அதுவும் காதெல்லாம் முழுசாக இருக்கிற ஆடு! அவளைப் பொறுத்தவரை அதுதான் பாத்ரூம். நான் சொல்லிக் கொடுத்தபடியே ஜட்டியைக் கழற்றி, பத்திரமாக ஒரு இடையர் பொம்மையின் தோளில் போட்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. அந்த முகம் வந்துவிட்டால் அப்புறம் யாராலும் எதையும் நிறுத்த முடியாது.

முடித்துவிட்டு எழுந்தாள். என் பின்னாலேயே வந்து நின்ற சிஸ்டரிடம் கையை நீட்டினாள்.

"பெருசு. ஒட்டகம் குடு."

"என்னங்க கேக்குது பாப்பா?"

மறைத்துப் பிரயோஜனமில்லை. பரண், பை, ஆடு, ஒட்டகம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கம்பெனியில் என் ஸ்டூலில் வேறொருத்தி உட்கார்ந்து கண் வரைவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மன்னிச்சிடுங்க சிஸ்டர். ஒரு வாளி தண்ணி குடுங்க, கழுவி வுட்டுட்டுப் போயிடறேன்."

சிஸ்டர் குனிந்தார். வைக்கோலைப் பார்த்தார். மெர்லினைப் பார்த்தார். மறுபடியும் வைக்கோலைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"ஒட்டகம் குடுக்கற அளவுக்குத்தான் இருக்குது" என்றார்.

அவரே குடிலிலிருந்து ஓர் ஒட்டகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொங்கல் முடிஞ்சதும் கொண்டாந்து வுடுங்க. அதுக்குள்ள நான் குடிலைக் கலைச்சிடறேன்."

அன்றைக்கு அந்த ஹாலைத் தேய்த்துக் கழுவியதுபோல என் வீட்டைக்கூட நான் கழுவியதில்லை. பொங்கல் முடிந்து அவள் ஸ்கூலுக்குப் போனாள், நான் என் ஸ்டூலுக்குப் போனேன்.

மெர்லின் இப்போது ஆறாவது படிக்கிறாள். இந்தக் கதையை எடுத்தால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் எங்கள் வீட்டில் யார் பாத்ரூமில் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்தாலும் வெளியிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிடும். விருந்தாளி வந்திருந்தாலும் வரும். (என் தம்பி மாப்பிள்ளையாகி முதல்முறை விருந்துக்கு வந்தபோதும் வந்தது. புதுப்பெண் முழித்தாள்.)

போன வாரம் மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணம். பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு வந்து, ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் நான் பாத்ரூமில் உட்கார்ந்திருந்தேன். மெர்லின் கதவைத் தட்டினாள்.

"ம்மா, ஆடா, ஒட்டகமா?"

மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண் பதில் சொல்வாளா? மறுபடியும் தட்டினாள்.

"மூணு ராஜாவும்டி! அந்தாண்ட போ!"