பூனைப் பாட்டுக்கு வந்த படம்

"இதுல பூனை எங்க இருக்கு?" என்று வாத்தியார் கைபேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் பூனை வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வெளிவரப்போகும் அவருடைய முதல் குழந்தைப் பாட்டுப் புத்தகம் அது. வகுப்பில் பாடிப் பாடி மெருகேற்றிய பாட்டுகள். சாயங்காலத்துக்குள் அச்சுக்குப் போகாவிட்டால் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புத்தகம் வராது. அப்புறம் அதைச் சீந்த ஆளிருக்காது. பூனைப் பாட்டுக்கு மட்டும் படம் பாக்கி இருந்தது. காலையில் ஓவியர் அனுப்பியதைப் பதிப்பாளர் அப்படியே இவருக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

வட்டமாக ஒரு முகம். இரண்டு பெரிய வளையங்கள், நடுவில் புள்ளிகள். உச்சி மொழுமொழுவென்று இருந்தது. காதோரம் கொஞ்சம் புதர். மூக்குக்குக் கீழே கொத்தாக ரோமம்.

வாத்தியார் பதிப்பாளரை அழைத்தார். "இது என்னன்னு ஓவியரையே கேளுங்களேன்."

"போனை எடுக்க மாட்டேங்கறார் சார். எடுத்தாலும் எப்படிக் கேக்கறது? போன தடவை அவர் வரைஞ்ச யானையைப் பார்த்து 'டீ கெட்டில் பிரமாதம்'னு சொல்லிட்டேன். ஆறு மாசம் பேசல. படம் இருக்கட்டும், நீங்க பாட்டை மாத்திடுங்க."

வாத்தியார் சமையலறைக்குப் போய் மனைவியிடம் படத்தைக் காட்டினார்.

"ஆந்தைதாங்க. பார்த்தாலே தெரியுதே! இப்படி ஒரு முழி வேற எதுக்கு இருக்கு?"

பூனைப் பாட்டை மனசில்லாமல் கிழித்துப் போட்டுவிட்டு ஆந்தைப் பாட்டு எழுதி அனுப்பினார். உடனே பதிப்பாளர் கூப்பிட்டார்.

"ஆந்தைக்கு ஏது சார் மீசை? ஒரு வாத்தியாருக்கு இதுகூடத் தெரியலையான்னு பிள்ளைங்க சிரிக்கும்."

மகள் எட்டிப் பார்த்தாள். "கடல்சிங்கம்பா. அந்த மொட்டை மண்டையும் மீசையும் வேற யாருக்கு வரும்?"

வாத்தியார் கடல்சிங்கத்துக்கு மாறினார். அது வந்ததும் கடல் வந்தது. கடல் வந்ததும் அலையும் படகும் வந்தன.

"படகு எங்க சார் படத்துல?" என்றார் பதிப்பாளர். "கடல்சிங்கத்துக்குக் காதோரம் முடி எப்போ முளைச்சுது? அச்சகத்துக்காரன் கத்தறான்."

வாத்தியாருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கடைசியாகப் பேத்தியைக் கேட்டார்.

"என்ன மிருகம்னு தெரியல தாத்தா. ஆனா எதையோ திருடித் தின்னுட்டு முழிக்குது."

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதில் தெரியாத கேள்வியை மாணவர்கள் பக்கமே தள்ளிவிடுவது வகுப்பில் அவர் தவறாமல் கடைப்பிடித்த முறை. மிருகத்தின் பெயரை நாம் ஏன் சொல்ல வேண்டும்? விடுகதையாகப் போட்டுவிட்டால் பிள்ளைகள் பாடு. ஒரே மூச்சில் எழுதி முடித்தார்.

உச்சி மண்டை மொட்டையாம்,
ஓரம் மட்டும் புதராம்;
மூக்குக் கீழே துடைப்பமாம்,
முழிப்ப தெல்லாம் திருட்டாம்;
யார் இவர்? யார் இவர்?

மனைவி படத்தையும் பாட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மகள் சத்தம் போட்டுப் பாடினாள், பேத்தி ஆடினாள். இவர் எழுதிய எந்தப் பாட்டுக்கும் வீட்டில் இவ்வளவு வரவேற்பு இருந்ததில்லை. வாத்தியாருக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

பதிப்பாளர் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார். "புத்தகத்துலயே இதுதான் சார் டாப்! படத்தையும் பாட்டையும் சேர்த்து முன்னட்டையிலேயே போட்டாச்சு. மெஷின் ஓடிட்டு இருக்கு."

போனை வைத்த கையோடு அது மறுபடி அடித்தது. எடுத்தால் ஓவியர்.

"பூனை இப்பத்தான் சார் முடிஞ்சுது, அனுப்பறேன். காலையில அனுப்பினேனே, பின்னட்டைக்கு உங்க முகம், அது வீட்ல அம்மாவுக்குப் பிடிச்சிருந்துதா?"