முன்பதிவு இல்லாத ஏவுதல்

அந்தக் காலத்தில் அரசு அதிகாரம் பெற்ற சபையை எதிர்த்துப் பிரிந்துபோன விசுவாசிகளிடமிருந்து இன்றைய கிறிஸ்தவர்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று ஆலயக் கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. பதிவு செய்கிற வேலை ஆலய எழுத்தருடையது. அவர் கையால் எழுதிய தீர்மானம் எதற்குமே இதுவரை எதிர்ப்பு வந்ததில்லை.

போதகர் தலைமையகம் நடத்திய ஒரு கருத்தரங்குக்குப் போய்த் துணிப்பையோடு திரும்பியதில் ஆரம்பித்தது இது. ஒவ்வொரு சபையும் அவர்களைப் போல மூன்று நிமிடமாவது மௌனம் காத்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்று தலைமையகம் கேட்டிருந்தது. அந்த விசுவாசிகளுக்குப் பிரசங்கியே கிடையாதாம். வெறும் அறையில் மௌனமாக உட்கார்ந்திருப்பார்களாம். ஆவியானவர் யாரை ஏவுகிறாரோ அவர் எழுந்து பேசுவாராம். மனசாட்சிக்காக ஜெயிலுக்கும் போனார்களாம்.

"ஜெயிலை மட்டும் விட்டுடலாம்," என்றார் செயலாளர். "மத்ததெல்லாம் வர்ற ஞாயித்துக்கிழமையே செஞ்சிடலாம்."

பொருளாளருக்கு மட்டும் ஒரு கவலை. "ஆவியானவர் பாட்டுக்கு யாரையாவது ஏவிட்டா என்ன பண்றது?"

பொறுப்புள்ளவர் கேட்கிற கேள்விதான். அன்றே எழுத்தர் ஒரு படிவம் தயாரித்தார். பெயர், ஏவப்படவிருக்கும் பொருள், எத்தனை நிமிடம், கையொப்பம். வியாழன் மதியத்துக்குப் பின் வரும் ஏவுதல்கள் பரிசீலிக்கப்பட மாட்டா என்று அடியில் தடித்த எழுத்தில் சேர்த்தார். ஆறு பேர் விண்ணப்பித்தார்கள். ஆறு பேரும் கமிட்டிக்காரர்கள்.

எளிமைக்காக எல்லோரும் சாம்பல் நிறத்தில் வர வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும் தையல்காரருக்குக் கை ஓயவில்லை. செயலாளர் மனைவியின் சாம்பல் தன்னுடையதைவிட எளிமையாக இருக்கிறது என்று பொருளாளர் மனைவி அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

அடுத்து, அந்த விசுவாசிகளின் நினைவாக ஒரு தியான அறை வேண்டும் என்று முடிவானது. வளாகம் முழுக்கச் சுற்றிப் பார்த்த துணைக்குழு, ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குகிற அக்காவின் அறை வாசலில் மலைத்து நின்றது. பூச்சு உதிர்ந்த சுவர், ஒரு பாய், ஒரு ஜன்னல், ஒரு தகரப் பெட்டி.

"இவ்வளவு எளிமையை நாமே உக்காந்து செஞ்சாலும் வராது," என்றார் செயலாளர்.

இருபதாம் தேதிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், பாயை மட்டும் விட்டுச்செல்ல வேண்டும் என்று எழுத்தர் நோட்டீஸ் அடித்தார். கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவரே. அவர் வாசித்துக் காட்ட, அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

"பதினாலு வருஷமா இங்கதான் இருக்கேன். எனக்குப் போக்கிடம் ஏது தம்பி?"

"எனக்குத் தெரியாதுக்கா. கமிட்டி முடிவு."

"அந்தக் காலத்து ஆளுங்கன்னு சொல்றாங்களே, அவங்க அப்படி என்னதான் செஞ்சாங்க?"

"மனசுக்குத் தப்புன்னு பட்டதை எழுந்து சொன்னாங்க."

"யாருகிட்ட கேட்டுட்டு?"

எழுத்தருக்கு ஏதோ வேலை ஞாபகம் வந்தது; கிளம்பிவிட்டார். அன்று முழுக்க அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் திட்டப்படி நடந்தது. ஆறு பேரும் வரிசை எண் தவறாமல் ஏவப்பட்டார்கள். கடைசியாக, மனசாட்சியின் குரலைப் பற்றிப் பொருளாளர் பேசியபோது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் உட்கார்ந்ததும் கடைசி வரிசையில் அக்கா எழுந்தார்.

"படிவம் குடுத்தீங்களாம்மா?" என்றார் செயலாளர்.

"வியாழக்கிழமை ஒண்ணும் தோணலைங்க. இப்பத்தான் தோணுச்சு." அக்கா சபையைப் பார்த்துத் திரும்பினார். "பின்னாடி ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எனக்குப் போக இடமில்ல. இது தப்புன்னு தோணுறவங்க ஒருத்தர் எழுந்து நின்னாக்கூடப் போதும். ஒரே ஒருத்தர்."

சபை மௌனமாக இருந்தது. எழுத்தரின் உடம்பு பெஞ்சிலிருந்து இரண்டு விரற்கடை எழுந்தேவிட்டது.

"என்னங்க?" என்றாள் பக்கத்திலிருந்த மனைவி.

"ஒண்ணுமில்ல. கால் மரத்துப்போச்சு," என்று உட்கார்ந்துகொண்டார்.

ஏழு நிமிடம் கழித்துப் போதகர் ஆமென் என்றார். சபையும் ஒரே குரலில் ஆமென் என்றது. இருபதாம் தேதி அக்கா பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். தகரப் பெட்டியைக் கேட் வரைக்கும் தூக்கிவந்த எழுத்தரிடம், "போதும் தம்பி, இதுக்கு மேல நீங்க வர வேணாம்," என்றார்.

அந்த வார்த்தை அவரைத் தூங்கவிடவில்லை. வேலை போனால் போகட்டும் என்று தலைமையகத்துக்கான அறிக்கையில் நடந்ததை நடந்தபடியே எழுதினார்: "தங்க இடமில்லாத ஒரு பெண் உதவி கேட்டபோது, ஏழு நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அசையவுமில்லை."

செயலாளர் படித்தார். வாக்கியத்தின் முதல் பாதியை அடித்தார். "ஏழு நிமிஷமா? தலைமையகம் மூணு நிமிஷம்தானே கேட்டிருந்தாங்க," என்று நெகிழ்ந்துபோனார். எழுத்தர் திருத்தியபடியே சுத்தப் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

அறிக்கை தலைமையகத்திலிருந்து எல்லாச் சபைகளுக்கும் போனது. இப்படி ஒரு மௌனத்துக்குச் சபையாரை எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டு முப்பது கடிதங்கள் வந்தன. பதில் எழுதும் பொறுப்பு எழுத்தரிடம் வந்தது. பழக்க வேண்டியதே இல்லை, உங்கள் சபையிலும் தயாராகவே இருக்கும், நாதியற்ற யாரையாவது எழுந்து உதவி கேட்கச் சொல்லிப் பாருங்கள் என்று எழுதினார். முப்பதிலும் செயலாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். முப்பது சபைகளிலிருந்தும், முயற்சி முழு வெற்றி, நன்றி என்று பதில் வந்தது.