முருகன் பேரில் ஒரு வீடு

அறுபத்தேழாம் ஆண்டு ஆவணியில் கீரிமலைக்குப் போகும் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. ஏறியவர்களில் பாதிப்பேரின் கக்கத்தில் துணியில் சுற்றிய பொட்டலம். பொட்டலத்துக்குள் காணிப் பத்திரமான உறுதி. கீரிமலைக் கேணிக்கு அரை மைல் முன்னால் ஒரு பூவரசடியில் கொண்டக்டர் மணியை அடிப்பார்.

"உறுதிக்காரர் எல்லாம் இறங்குங்கோ!"

இறங்கினால் கிடுகுக் கொட்டில். உள்ளே உறுதிச் சாமியார். மனிதருக்கு வருத்தம் வந்தால் டாக்குத்தர் பார்ப்பார். உறுதிக்கு வருத்தம் வந்தால் இவர் பார்ப்பார். எல்லைத் தகராறு, பங்குத் தகராறு, செத்தவர் வைத்த கையெழுத்து, எதுவானாலும் சரி. பொட்டலத்தை அவர் அவிழ்ப்பதேயில்லை.

"கண்ணாலை படிக்கிறது உறுதி எழுதிற நொத்தாரிசின்ரை வேலை. நான் மனத்தாலை படிக்கிறன்."

பொட்டலத்தின் மேல் ஒரு மஞ்சள் துணியை விரிப்பார். செம்பிலிருந்து தீர்த்தம் தெளிப்பார். துணி இரத்தமாகச் சிவக்கும். சனம் "முருகா!" என்று விழும். பிறகு உறுதிக்குள் குடியிருக்கும் ஆவியின் வரலாற்றைச் சாமியார் சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் நாலு தலைமுறையாக யாரும் அழாத காணி ஏது? ஆனபடியால் அவர் சொன்னது ஒருநாளும் பிழையாகவில்லை.

கமலாவதியும் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போனாள். கணவன் இல்லை. ஒரே மகள் குணலட்சுமிக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. வீட்டைச் சீதனமாக எழுத வேண்டும். உறுதியைப் பார்த்த பட்டணத்துப் பிரக்கிராசி, "ஒரு பங்காளியின்ரை கையெழுத்துக் குறையுது. அவரின்ரை ஆக்கள் கையெழுத்து வைக்கோணும். இல்லாட்டி வழக்கு" என்றார்.

"வழக்கெண்டால் எவ்வளவு காலம் ஐயா?"

சட்டம் படித்த அந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எந்தப் பங்காளி என்று கேட்க அவளுக்கு வெட்கம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். பிரக்கிராசி சொன்னதில் பாதி விளங்கவில்லை. சாமியார் சொன்னதோ முழுவதும் விளங்கியது. பொய் சொல்லுகிறவர்கள் விளங்கும்படி சொல்லத்தான் அதிகம் பாடுபடுகிறார்கள்.

"பிள்ளை, தண்ணியிலை போன ஒரு பொம்பிளை உன்ரை உறுதியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். ஒரு மண்டலத்துக்கு வீட்டை முருகன்ரை பேரிலை எழுதி வை. நாப்பத்தெட்டாம் நாள் திருப்பி எழுதுவம். முருகன்ரை சொத்திலை எந்த ஆவி கை வைக்கும்?"

அடுத்த வெள்ளி நொத்தாரிசும் சாட்சிகளும் கொட்டிலுக்கே வருவார்களாம். என்ன வசதி!

அன்று பின்னேரம் கமலாவதி இதையெல்லாம் கிணற்றடியில் நின்று மகளுக்குச் சொன்னாள். வேலிக்கு அப்பால் பராசக்தியின் காதில் விழுந்தது. பராசக்தி பட்டணத்தில் இன்னொரு பிரக்கிராசியிடம் தட்டெழுத்தாளர். நாள் முழுக்க உறுதி அடிப்பதே வேலை. கமலாவதி வேலி அடைத்தபோது கதியால் கம்பு ஒன்று அரை முழம் பராசக்தியின் பக்கம் தள்ளி நடப்பட்டதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. பராசக்திதான் வாயைத் திறந்தாள்.

"கமலாக்கா, எழுதப்போற உறுதியை வாசிச்சனீங்களோ?"

"உனக்கென்னடி அதிலை?"

"உங்களோடை எண்டால் வேலிச்சண்டை பிடிக்கலாம். முருகனோடை நான் எப்பிடிப் பிடிக்கிறது?"

கமலாவதிக்குக் கோபம் வந்தது. "வாற வெள்ளி என்னோடை வா. உன்ரை கண்ணாலையே பார்!"

பராசக்தியும் போனாள், கையில் தன் பொட்டலத்தோடு. சாமியார் துணியை விரித்தார், தெளித்தார். சிவந்தது.

"ஆ! நாலு தலைமுறைப் பழைய உறுதி. கிணத்துக்குள்ளை ஒரு ஆவி நிண்டு மூச்சு விடுது!"

பராசக்தி பொட்டலத்தை அவிழ்த்துச் சனத்துக்குக் காட்டினாள். உள்ளே ஒரு சின்னப் புத்தகம். அட்டையில் தண்ணீர்ப் பம்பின் படம்.

"இது எங்கடை பம்போடை வந்த புத்தகம் சாமி. யப்பானிலை அடிச்சது. நாலு தலைமுறை இல்லை, நாலு மாசம்."

முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சோமசேகரம் என்ற கிழவர் துள்ளி எழுந்தார்.

"பம்பின்ரை குழாயும் கிணத்துக்குள்ளைதானே நிக்குது! சாமி சரியாத்தான் சொல்லியிருக்கிறார்!"

"ஓம், ஓம்!" என்றது சனம். நம்பிக்கை உயிர் தப்பியது. சாமியார் திரும்பவும் கண்ணை மூடினார்.

"சரி, விடுங்கோ" என்றாள் பராசக்தி. "கமலாக்கா, பொம்பிளை மாப்பிளைக்கு ஆலாத்தி எடுக்க என்ன கரைக்கிறனீங்கள்?"

"மஞ்சளும் சுண்ணாம்பும்..." சொல்லிக்கொண்டே கமலாவதி நின்றுவிட்டாள். தன் கையால் எத்தனை கலியாணத்துக்குக் கரைத்திருக்கிறாள்! எத்தனை தரம் அது சிவந்திருக்கிறது! எந்தத் தட்டில் ஆவி வந்தது? முகம் சுட்டது. சோமசேகரத்தின் வெற்றிலைத் தட்டத்தில் ஒரு விரல் சுண்ணாம்பு எடுத்தாள். மஞ்சள் துணியின் காய்ந்த மூலையில் பூசினாள். அதுவும் சிவந்தது.

"சோமசேகரம் அண்ணை," என்றாள் கமலாவதி, "உங்கடை தட்டத்துக்குள்ளையும் தீர்த்தமோ?"

கிழவர் தட்டத்தை மூடிக்கொண்டார். ஆனாலும் பின்னால் ஒரு குரல்: "துணி எப்பிடிப் போனால் என்ன? வீடு முருகன்ரை பேரிலைதானே போகுது!"

"அப்ப அதையும் பாப்பம்." கமலாவதி ஓரத்தில் காத்திருந்த நொத்தாரிசிடம் திரும்பினாள். "எழுதி வைச்சிருக்கிறதை வாசியுங்கோ ஐயா. கையெழுத்து என்ரை."

நொத்தாரிசு இருமினார். தண்ணீர் கேட்டார். பராசக்தி அவர் மடியிலிருந்த தாளை எடுத்து உரக்க வாசித்தாள்.

"'...மேற்படி காணியையும் வீட்டையும் ஆழ்வாப்பிள்ளை மகன் முருகேசு என்பவருக்கு அறுதியாக...' அறுதியாக எண்டால் எண்டைக்கும். நாப்பத்தெட்டு நாளைக் காணேல்லை. அது கிடக்கட்டும். முருகன்ரை தகப்பன் சிவபெருமான் எண்டுதான் நான் கேள்விப்பட்டனான். ஆர் சாமி இந்த ஆழ்வாப்பிள்ளை?"

சாமியார் செம்பைத் தேடினார். வாய் திறந்தவர் நொத்தாரிசு. பயத்தில் அவருக்கு நிதானம் தப்பிவிட்டது.

"முருகேசு! எல்லாரையும் வாசிக்கத் தெரியாத ஆக்கள் எண்டு நினையாதை எண்டு நான் அப்பவே சொன்னனானல்லோ!"

சாமியார் முருகேசு எழுந்தார். காவி வேட்டி காலில் தடக்கியது. பஸ் வரும் வரை சனம் அவரைப் போக விடவில்லை. வந்த பஸ்ஸில் அவரை ஏற்றி, பொலிசடியில் இறக்கியது. ஏற்கனவே ஒன்பது வீடுகள் அவர் பேருக்குப் போயிருந்தன. அவற்றை மீட்க ஒன்பது பேரும் வழக்குப் போட்டார்கள். வழக்குக்குப் பயந்து சாமியாரிடம் போனவர்களுக்கு வழக்கே பரிகாரமாயிற்று.

கமலாவதி வீட்டுக்கு வந்து, வாழ்நாளில் முதல் தரம் தன் உறுதியை அவிழ்த்து வாசித்தாள். விளங்காத இடங்களைப் பராசக்தி சொல்லிக் கொடுத்தாள். கையெழுத்துக் குறைந்த பங்காளியின் பெயர் கந்தப்பு.

"கந்தப்புவோ?" பராசக்தி நிமிர்ந்தாள். "அவர் என்ரை அம்மாவின்ரை தகப்பன்! எங்கடை பக்கத்திலை இப்ப மிச்சம் நான் ஒருத்திதான்."

தேடிய கையெழுத்து ஆறு வருடமாக வேலிக்கு அடுத்த பக்கம் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பராசக்தி கையெழுத்து வைத்தாள், கமலாவதி கதியாலை அரை முழம் திருப்பி நகர்த்திய பிறகுதான். குணலட்சுமியின் கலியாணம் தையில் நடந்தது.

இப்போது தொண்டைமானாற்றுப் பக்கம் ஒருவர் வந்திருக்கிறாராம். கோர்ட்டுச் சம்மனைத் தேங்காய் உருட்டியே திருப்பி அனுப்புகிறாராம். பஸ் நிரம்பிப் போகிறதாம். போகிறவர்கள் போய் வாருங்கள். உங்கள் மூளை பிறக்கும்போதே உங்கள் பேரில் பதிவானது; ஒற்றியில்லை, பங்காளியில்லை, எல்லைத் தகராறும் இல்லை. அதையாவது யாருக்கும் அறுதியாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.