மனை எண் 86

எனக்குச் சுறுசுறுப்பு கொஞ்சம் அதிகம். அதில் பாதியைக் கடவுள் புத்தியாகக் கொடுத்திருக்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஊரப்பாக்கத்தில் மனை வாங்கினோம். (வாங்க வைத்தது நான். கையெழுத்து மட்டும்தான் என் வீட்டுக்காரர்.) அப்போது ஜி.எஸ்.டி. ரோடு நெடுக வயல்களெல்லாம் கலர் கொடி நட்டு 'நகர்' ஆகிக்கொண்டிருந்தன. போன ஞாயிறு மாடு மேய்ந்த இடத்தில் இந்த ஞாயிறு டீக்கடை இருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் புது வீடுகளை எண்ணுவேன், என்னவோ நானே கட்டின மாதிரி.

நாத்தனார் சரோஜா அக்கா மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "நீ தலைகீழா நின்னாலும் அந்த முள்ளுக்காட்டுல வீடு வராது வசந்தி. பேசாம வித்துட்டு வாங்க." அக்கா சொன்னால் என் வீட்டுக்காரர் தட்டமாட்டார். பூமி பூஜைக்கு அக்காவையே அழைத்துப்போய் அசத்திவிடுவதென்று முடிவு செய்தேன்.

முந்தின வாரம் தனியாக இடம் பார்க்கப் போனேன். மனைக்கு மனை எண் எழுதின கல் நட்டிருப்பார்கள். மழையும் மாடும் சேர்ந்து பாதியைச் சாய்த்திருந்தன. அரை மணி நேரம் தேடினேன். ஆஹா! புல்லில் மல்லாந்து கிடந்தது 86. தூக்கி நிறுத்தி, சுற்றி மண்ணை மிதித்து, கொண்டுபோயிருந்த சிவப்பு பெயிண்டால் எண்ணை இன்னும் தடிமனாக எழுதினேன். (யார் கேட்டார்கள்?)

"பக்கத்துக் கல்லையும் பாத்தியா?" என்றார் வீட்டுக்காரர், நான் வீடு திரும்பியதும்.

"எல்லாம் பாத்தாச்சு." பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். குழி வெட்டி, நவதானியம் போட்டு, முதல் செங்கல்லும் வைத்தாயிற்று. "காத்து நல்லாத்தான் வருது," என்று சரோஜா அக்கா வாயாலேயே வந்துவிட்டது! எனக்கு அங்கேயே ஆடவேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். ஸ்கூட்டர் பக்கத்தில் ஒரு பாயும் அவர் மனைவியும் செருப்பைக் கழற்றிவிட்டு அடக்கமாக நின்றிருந்தார்கள். பக்கத்து மனைக்காரராக்கும் என்று சர்க்கரைப் பொங்கலை நீட்டினேன்.

பாய் நிதானமாகச் சாப்பிட்டார். "பொங்கல் ஷோக்கா கீதுக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் எடத்துல எதுக்கு பூஜை போட்டுகினு கீறீங்க? நடுவுல நிறுத்தக்கூடாதேன்னு நின்னுகினு இருந்தேன்."

"உங்க இடமா? கல்லைப் பாருங்க, எண்பத்தாறு!"

பாய் கல்லைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்னும் சாய்த்தார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது தொண்ணூத்தெட்டுக்கா. தலைகீழா நட்டுகீறீங்க."

சரோஜா அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் அரிசி வெந்துவிடும். ஐயர் வாட்ச்சைப் பார்த்தார். "இன்னும் பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு."

"முகூர்த்தம் தவறிச்சுன்னா மனையையே வித்துடுவாங்க பாய்," என்று அழுதேவிட்டேன்.

"இதுக்கு இன்னாத்துக்குக்கா அழுவுறே? ஏறுங்க சாமி!"

ஐயர் கலசத்தோடு ஸ்கூட்டரில் ஏறினார். பாய் பறந்தார். பின்னால் செங்கல்லோடு என் வீட்டுக்காரர், கடப்பாரையோடு நான். எல்லோருக்கும் முன்னால், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பொங்கல் தூக்கோடு சரோஜா அக்கா! முள் புதருக்குள் உண்மையான 86 ஒழுங்காக நேராக நின்றிருந்தது. ஒரு நிமிஷம் பாக்கி இருக்கும்போது செங்கல்லை வைத்தோம்.

வீடு வந்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்த பாயின் மனைவி ஒரு பை மொச்சைக்காயை என் கையில் கொடுத்தார். அவர்கள் மனையில் நாங்கள் போட்ட நவதானியம் முளைத்துக் காய்த்ததாம்.

எங்கள் கேட்டில் வீட்டு எண் இன்றும் எழுத்தில்தான் இருக்கிறது: எண்பத்தாறு. சரோஜா அக்காவும் இப்போது எங்கள் பின்தெருவில்தான் இருக்கிறார். அது என்ன, நம்பரை எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிடுவார்.

"இவ தலைகீழா நின்னாலும் வீடு வராதுன்னுதான் நான் சொன்னேன். கல்லைத் தலைகீழா நிக்க வெச்சா வந்துடும்னு எனக்கு எப்படித் தெரியும்?"