தண்ணீரில் மட்டும் சாகத் தெரிந்தவர்

"...அதனாலதான் சொல்றேன் தம்பி, சாவுக்குப் பாலிசி எனக்கு வேண்டாம். எனக்குச் சாவு வராது. விபத்துதான் வரும்" என்பார் கண்டத்தார், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டிடம்.

பினாங்கில் அந்தக் காலத்தில் எப்படிப் பிழைப்பது என்று தெரியாமல் ஆயிரம் பேர் திண்டாடிக்கொண்டிருந்தபோது, எப்படிச் சாவோம் என்பதைத் திட்டமாகத் தெரிந்து வைத்திருந்த ஒரே மனிதர் கண்டத்தார்தான். பன்னிரண்டு வயதில் ஊரில் ஒரு ஜோசியர் அவர் ஜாதகத்தைப் புரட்டிவிட்டு, "பையனுக்குத் தண்ணியில கண்டம்" என்றாராம். அன்றிலிருந்து தண்ணீரைத் தவிர வேறெதற்கும் அவர் பயந்ததில்லை. தெருவில் மாடு மிரண்டு ஓடி வந்தால் எல்லோரும் ஓரமாக ஒதுங்குவார்கள். இவர் நடுவிலேயே நடப்பார். "அதுக்கு என் மேல அதிகாரம் கிடையாது" என்பார்.

இப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் விட்டது விதி. அது போதாதென்று துறைமுகத்தில் கிராணி வேலையும் கொடுத்தது. தொங்கான் படகிலிருந்து இறங்கும் அரிசி மூட்டைகளை எண்ணி எழுத வேண்டும். கண்டத்தார் கிடங்கு வாசலில் முக்காலி போட்டு உட்காருவார். இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனை கிடங்குத் தூணில் இருக்கும். "கன்னுக்குட்டியை அவுத்து விட்டாச்சா?" என்று கூலிகள் கேட்டுச் சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "சிரிக்கிறவன் ஜாதகத்தை அவன் பாத்ததில்ல, அவ்வளவுதான்" என்று சொல்லி அடுத்த மூட்டைக்குக் கோடு போடுவார்.

அந்தக் கிடங்கில் அவருக்குக் கீழே நானும் கிராணி. டத்தோ கிராமாட்டில் அவர் வீட்டு முன்னறையில்தான் குடியிருந்தேன். ஆகையால் எதுவும் கேள்விப்பட்டுச் சொல்வதில்லை, கண்ணால் பார்த்ததுதான்.

கப்பலில் ஒரு தடவை வந்து தப்பித்ததே பெரிது, திரும்பிப் போய் இன்னொரு வாய்ப்புக் கொடுப்பானேன் என்று இருபத்தைந்து வருஷமாக அவர் ஊருக்குப் போகவில்லை. கல்யாணத்துக்கும் அதே தீவில், ஜெலுத்தோங்கில் பிறந்த பெண்ணாகப் பார்த்துத்தான் கட்டினார். பாக்கியம் அக்கா இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார். "மத்தவங்க அழகு பாப்பாங்க, சீர் பாப்பாங்க. இவரு நடந்து வர்ற தூரமான்னு பாத்தாரு." பிள்ளை குட்டி இல்லை. கப்பலேறி வந்து விசாரிக்கிற சொந்தமும் இல்லை. அவருக்கு அக்கா, அக்காவுக்கு அவர்.

அந்த வீட்டுக்கு மாதம் ஒருமுறை வருபவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு பிரான்சிஸ். சைக்கிளைச் சாத்திவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, ஒரே விஷயத்தை ஒவ்வொரு மாதமும் புதிதாகச் சொல்வார்.

"அண்ணே, கேளுங்க. ஆயுள் பாலிசின்னா ஆள் எப்படிப் போனாலும் அக்காவுக்குப் பணம் வரும். காய்ச்சல்ல போங்க, கட்டில்ல தூங்கிக்கிட்டே போங்க, வரும். நீங்க வச்சிருக்கிறது விபத்துப் பாலிசி. அதுக்கு விழணும், நசுங்கணும், முழுகணும். நோயில போனா ஒரு காசு வராது. சந்தா கொறைச்சலா இருக்கறதே அதனாலதான்."

"எனக்கு வராத நோய்க்கு நான் ஏன் சந்தா கட்டணும்? தண்ணிதான்னு எழுதியாச்சு. தண்ணிக்கு மட்டும் கட்டறேன்."

"உங்கப்பாவுக்கு நெருப்புல கண்டம்னு சொன்னாங்களே," என்று அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வரும். "அவரு சீதபேதியிலதானே போனாரு?"

"அவருக்குப் பாத்தது வேற ஜோசியர்" என்பார் கண்டத்தார்.

அவருக்கு அந்த விபத்துப் பாலிசியின் மேல் தனி மரியாதை. அதன் பின்பக்கத்தில் எந்த உறுப்பு போனால் எவ்வளவு என்று பட்டியல் இருந்தது. ஒரு கை போனால் பாதி, ஒரு கால் போனால் பாதி, ஒரு கண் போனால் பாதி, இவற்றில் எந்த இரண்டு போனாலும் முழுசு. அதை இங்கிலீஷிலேயே மனப்பாடம் செய்திருந்தார். ஒருநாள் பிரான்சிஸிடம் கேட்டார்:

"ரெண்டு கை போனா முழுசு, சரி. கூட ஒரு காலும் போச்சுன்னா?"

"முழுசுக்கு மேல கிடையாதுண்ணே."

கண்டத்தார் யோசித்தார். "அப்போ மூணாவதை எப்பாடு பட்டாவது காப்பாத்திக்கணும்" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பெட்டி ஒன்றை உடைக்கும்போது ஒருமுறை அவர் சுண்டுவிரல் நுனி போய்விட்டது. நாங்கள் துணியைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டோம். அவர் ரிக்‌ஷாவைப் பிரான்சிஸ் வீட்டுக்கு விடச் சொன்னார். பிரான்சிஸ் விரலைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். "மணிக்கட்டுலேருந்து போகணும்ணே" என்றார் வருத்தத்துடன். கண்டத்தார் தன் மணிக்கட்டைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப தூரம் இருக்கு லா," என்று சொல்லிவிட்டு அதன்பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

நான் அங்கே குடிபோன மூன்றாம் வருஷம் அவருக்கு மலேரியா வந்தது.

முதல் வாரம் அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. உடம்பு கொதிக்கக் கொதிக்க, "இதுக்கு என் மேல அதிகாரம் இல்லை" என்று படுத்திருந்தார். நெற்றியில் ஈரத்துணி போடச் சொன்ன டாக்டரிடம், "எத்தனை கரண்டித் தண்ணி?" என்று மட்டும் கேட்டார். இரண்டாம் வாரம் பேச்சுக் குறைந்தது. கண் உள்ளே போயிற்று. டாக்டர் வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே, "சொல்றதுக்கில்ல" என்றார்.

அன்று சாயங்காலம் பிரான்சிஸ் பார்க்க வந்தார். நோயாளியின் அறைக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். அக்கா காப்பி கொண்டுவரவில்லை. நேராக வந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். மலேரியா கொசு கடிச்சுத்தானே வருது?"

"ஆமாக்கா."

"கொசு கடிக்கிறது விபத்துதானே? இவரா போய்க் கடின்னு சொன்னாரு?"

பிரான்சிஸ் தொப்பியைக் கையில் சுழற்றினார். "மாடு முட்டினா ஒத்துக்குவாங்க. பாம்பு கடிச்சாக்கூட எழுதிப் பாக்கலாம். கொசுவை ஒத்துக்க மாட்டாங்கக்கா."

"ஏன், அது சின்னதா இருக்கறதாலயா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். குரல் தணிந்துவிட்டது. "சூலியா தெருச் சாப்பாட்டுக் கடையில இடியாப்பம் பிழிய ஆள் எடுக்கறாங்கன்னீங்களே. நாப்பத்தஞ்சு வயசுப் பொம்பளைய எடுப்பாங்களா?"

"அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்றேன்.

திரைச்சீலைக்குப் பின்னால் அனத்தல் நின்றிருந்தது. அது தூக்கம் என்றுதான் நாங்கள் மூவரும் நினைத்தோம்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பிரான்சிஸை வரச் சொல்லு." வந்தார். "ஜோசியர் பொய் சொல்லல," என்று கண்டத்தார் ஆரம்பித்தார். "ஆனா யோசிச்சுப் பாத்தேன். தண்ணி வழி திறந்திருக்குன்னுதான் சொன்னாரு. மத்த வழியெல்லாம் அடைச்சிருக்குன்னு சொல்லலை. அந்த ஆயுள் பாலிசியைக் கொண்டா."

பிரான்சிஸுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. கண்டத்தாருக்கு ஐம்பது முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. ஐம்பதுக்கு மேல் கம்பெனி புதிதாக ஆள் சேர்க்காது. அதற்குள் கம்பெனி டாக்டர் உடம்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனியின் பினாங்கு டாக்டர் விடுப்பில் சீமைக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகப் பார்ப்பவர் பட்டர்வொர்த்தில்.

"பட்டர்வொர்த்" என்றார் கண்டத்தார்.

"அக்கரைதாண்ணே. லாஞ்சு ஏறினா கொஞ்ச நேரந்தான்."

அக்கரை என்பது அவருக்குத் தெரியும். கிடங்குக் கூட்டாளி ஒருவரின் கல்யாணம் அங்கே நடந்தபோது, கிடங்குக்குள்ளிருந்தே அந்தத் திசையைப் பார்த்து அட்சதை போட்டவர்.

நாலைந்து நாள் உடம்பு தேற விட்டார். அப்புறம் ஒரு காலையில் சலவை வேட்டியும் கோட்டுமாகப் படகுத்துறைக்கு வந்துவிட்டார். துணைக்கு நான். வழியனுப்ப அக்கா. அன்று லாஞ்சு முழுகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முழுகியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதினாறு வருஷம் கழித்துக் கண்டத்தார் கட்டிலில் தூங்கிக்கொண்டே போனார். அக்கா கடைசிவரை யார் வீட்டு அடுப்படிக்கும் போகவில்லை. ஆனால் இதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

லாஞ்சு வந்து ஒட்டியதும், இத்தனை வருஷம் பிரான்சிஸோடு சேர்ந்து கெஞ்சிய அக்கா சட்டென்று அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாங்க. வாங்க வீட்டுக்குப் போகலாம். எனக்கு ஒரு பாலிசியும் வேண்டாம்."

"தீர விசாரிச்சுத்தான் வந்திருக்கேன் பாக்கியம். போற வழியில முழுகிட்டேன்னு வை, பழைய பாலிசி குடுத்துடும். முழுகாம அக்கரை போய்ச் சேந்துட்டேன்னா புதுசு குடுக்கும். எப்படியும் நீ இடியாப்பம் பிழிய வேண்டியதில்ல."

"அதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்றார் அக்கா.

இரண்டு பாலிசியையும் வரிவரியாகப் படித்தவர் கண்டத்தார். இந்தக் கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை போலும். லாஞ்சுக்காரன் மணி அடித்தான். துறைக்கும் லாஞ்சுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளியில் பச்சைத் தண்ணீர் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ளட்டும் என்று நான் கையை நீட்டினேன்.

கண்டத்தார் என் கையைப் பார்க்கவில்லை. தன் குடையை விரித்து அக்காவின் கையில் கொடுத்தார். "வெயில் ஏறுது, நீ வீட்டுக்குப் போ" என்றார். பிறகு வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலை எடுத்து அந்தத் தண்ணீரைத் தாண்டி வைத்தார்.