டெம்பரரியின் தனி மைக்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித நாகரிகத்தை முன்னுக்குத் தள்ளியது தனி மைக்தான் என்று பாட்டு வாத்தியார் ஆசிரியர் அறையில் அறிவித்தபோது, அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"போன்லயே இருக்கிற மைக் பேசுறதுக்கு. பாடுறதுக்கு இல்ல," என்றார். "ஒரு காதுல வயரு, வாய்க்கு நேரா போனு, ஐஸ் குச்சிய நக்குற மாதிரி நின்னு பாடுறாங்க பாருங்க சில பேரு. அதுக்குப் பேரு பாட்டு இல்ல. பல் டாக்டர்கிட்ட வாயத் திறந்து காட்டுறது."

சில பேர் என்று அவர் பன்மையில் சொன்னது ஒரே ஒருவரைத்தான். பள்ளி நூலக மேடம் மூலையில் உட்கார்ந்து கிழிந்த புத்தகத்துக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் மாடிப்படியில் நின்று, வாத்தியார் சொன்ன அதே கோலத்தில், இருபது நிமிடத்தில் பாடி முடித்திருந்தார்.

"அப்படிங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். ஆயுள் முழுக்க 'சத்தம் போடாதீங்க' என்று சொல்லியே சம்பளம் வாங்கியவர் அதற்குமேல் என்ன கேட்பார்?

விஷயம் இதுதான். பள்ளியில் நிரந்தரப் பாட்டு ஆசிரியர் வேலை ஒன்று காலி. விண்ணப்பிக்கிறவர் ஒரே பாட்டை நாலு குரலில் தானே பாடி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, போனிலேயே பதிவு செய்து, அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். நூலக மேடமும் விண்ணப்பித்திருந்தார். வாத்தியார் அங்கே ஆறு வருடமாகத் தற்காலிகம். தெருவில் அவருக்கு 'டெம்பரரி' என்றே பெயர். இந்த முறையும் கிடைக்காவிட்டால் தற்காலிகமும் கிடையாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

வாத்தியார் மைக் தேடினார். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் மைக், நாலு பக்கமும் கேட்கும் மைக் என்று நோட்டில் கட்டம் போட்டார். நாற்பத்தொரு பேர் எழுதிய விமர்சனங்களைப் படித்தார். அவர்களில் ஏழு பேரோடு சண்டையும் போட்டார்.

"எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப எங்க வீட்டுல இதுல பாதிகூட விசாரிக்கல," என்றாள் மனைவி.

"ஏன், விசாரிக்காம என்ன கெட்டுப்போச்சு?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அதுவே போதுமானதாக இருந்தது.

முதலில் வந்தது சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக். மைக் கழுத்தடியில், போன் சட்டைப் பையில். சொருகியதும் போன் வாயை மூடிக்கொண்டது. முதல் குரலைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதைப் பாட வழியில்லை. பரவாயில்லை என்று சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக்கைப் பிடித்துக்கொண்டு நாலையும் பாடினார். போட்டுக் கேட்டால், சாக்குமூட்டையை இழுக்கும் சரக் சரக்கென்ற சத்தத்துக்கு நடுவே, நாலு வெவ்வேறு பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் மாதிரி நாலு குரல்கள்.

"காலர் மைக்கோட குணமே அதுதான். துணி உரசுறத எடுக்கும்," என்று தீர்ப்புச் சொல்லி, மேசையில் நிற்கும் மைக்கை வரவழைத்தார். நல்ல தடி மைக். வயரும் நீளம். பக்கத்தில் போன் இருந்தால் மைக்கில் இரைச்சல் விழும் என்று போனைப் போர்வையில் சுற்றிக் கட்டிலில் வைத்துவிட்டுப் பாடினார்.

மனைவி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கிணத்துக்குள்ள விழுந்தவர் பாடுற மாதிரி இருக்கு."

"அதுக்குப் பேரு ஆழம். குரல்ல ஆழம் வந்திருக்கு."

"மேல மூடி போட்ட கிணறுங்க."

அவரும் இன்னொரு தரம் கேட்டார். மூடி இருந்தது.

மூன்றாவது மைக் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. ரோமத் தொப்பி போட்டுக்கொண்டு, குளிருக்குப் பயந்த எலிபோல் இருந்தது. இந்த முறை எந்தத் தவறுக்கும் இடமில்லை. லீவு போட்டார், ஜன்னலைச் சாத்தினார், மின்விசிறியை நிறுத்தினார். ஆறு மீட்டர் நீட்டிப்பு வயர் மாட்டி, போனை ஒரேயடியாகச் சமையலறை அலமாரிக்கு நாடு கடத்தினார். வியர்வை சொட்டச் சொட்ட, மத்தியானம்வரை கடிகாரத்தை முறைத்தபடி நாலு குரலும் பாடினார்.

போட்டுக் கேட்டார். முதலில் குழாய்த் தண்ணீர். அப்புறம் எதிர்வீட்டு அக்காவோடு மனைவி பேசுவது, மணி அடித்தாற்போல்: "ஆறு வருஷமா இவரு டெம்பரரிக்கா. இன்னொரு மைக் வந்துச்சுன்னா, நான் எங்கம்மா வீட்டுக்குப் பர்மனென்டா போயிருவேன்." பின்னணியில், வெகு தூரத்தில், ஒரு கொசு பாடிக்கொண்டிருந்தது.

"பார்த்தியா பவர!" என்று துள்ளினார் வாத்தியார். "ஹால்ல இருக்கிற மைக், கதவத் தாண்டி நீ பேசுறத இழுத்துட்டு வந்திருக்கு!"

"நான் என்ன பேசினேன்னு கேட்டீங்களா?"

"எழுத்து எழுத்தா கேட்டேன். அதான் சொல்றேன், என்ன துல்லியம்!"

"உங்க பாட்டு எங்கங்க?"

அவர் மறுபடி கேட்டார். கொசுதான் பாட்டு என்பது மெல்ல உறைத்தது. தரையில் அப்படியே உட்கார்ந்தார்.

"மைக்ல குறை இல்லம்மா," என்றார். "பாத்திரம் விழுறது கேக்குது, தண்ணி கேக்குது, நீ கேக்குற. என் குரல் மட்டும் ஒரு மைக்குக்கும் பிடிக்கல. எனக்குக் குரலே போயிருச்சு போல. ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் தெரியுது."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா வீட்டுப் பேச்சைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தாள்.

"காலைல குளிக்கும்போது நல்லாத்தான இருந்துச்சு? மணி மூணுதான் ஆகுது. மூணையும் எடுத்துட்டுப் போய் தெருமுனைப் போன் கடையில காட்டுங்க. எந்திரிங்க."

கடையில் ஒரு பெண் மட்டும் இருந்தாள். மூன்று மைக்குகளையும் கண்ணாடி மேசையில் பரப்பிவிட்டு, வாத்தியார் டாக்டரிடம் சொல்வதுபோல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மைக்குகளைப் பார்க்கவே இல்லை. வயரின் முனைகளைத்தான் பார்த்தாள்.

"இதெல்லாம் கேமராவுக்குள்ளது சார். பின்னப் பாருங்க, ரெண்டு கருப்புக் கோடு. போனுக்குன்னா மூணு கோடு இருக்கணும். ரெண்டு கோடு சொருகினா போன் அத ஹெட்போன்னு நினைச்சுக்கும். பாட்ட இது வழியா அனுப்பிட்டு, தன்னோட சொந்த மைக்லயேதான் கேட்டுட்டு இருக்கும்."

"அப்ப... நான் பாடினதெல்லாம்?"

"போன் எங்க இருந்துச்சோ, அங்க இருந்து கேட்டிருக்கும் சார்."

சட்டைப் பை. போர்வை. சமையலறை.

வாத்தியார் மூன்று மைக்குகளையும் ஓரமாகத் தள்ளினார். "மூணு கோடு போட்டது ஒண்ணு குடும்மா."

"கடைசிப் பீஸ் நேத்துதான் போச்சு. இனி திங்கக்கிழமை வந்தாத்தான் உண்டு."

மணி நாலு பத்து. வாத்தியார் வாசலைப் பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் இல்லை.

"காதுல மாட்டுறதாவது இருக்கா?"

கடையின் பின்புறம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே போய் நின்றார். ஒரு காதில் வயர் மாட்டி, போனை வாய்க்கு நேராகப் பிடித்தார். முதல் குரல் பாடிவிட்டுப் போட்டுக் கேட்டார். பத்து நாளாகக் காணாமல்போயிருந்த அவருடைய சொந்தக் குரல், சளி பிடிக்காமல், கிணற்றில் விழாமல், அப்படியே இருந்தது. கண் கலங்கியது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. நாலே முக்காலுக்கு அனுப்பிவிட்டு, வயரைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"சூப்பரா இருந்துச்சு சார்," என்றாள் கடைப்பெண். "அந்தக் கடைசி மைக்க வாங்கின லைப்ரரி மேடம்கூட முதல்ல இப்படி வெறும் போன்லதான் பாடி வச்சிருந்தாங்களாம், யாரோ பெரிய பாட்டு வாத்தியார் தப்புன்னு சொன்னாராம், பாவம் அந்த நல்ல மனுஷன் பேச்சக் கேட்டு நேத்து இங்கயே நின்னு நாலையும் மைக்ல திருப்பிப் பாடி அனுப்பிட்டுப் போனாங்க."