உன் அக்காவுக்காக வரைந்த பெட்டி

அன்பும் பொறுமையும் உள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம். உன் அக்காவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த இடம் வந்ததும் கை சற்று நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைக் கீழே விளக்கமாகச் சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். இந்த வீட்டில் எந்த அறையில் நின்று பேசினாலும் பேச்சு உன் அக்காவின் காதுக்குப் போய்விடுகிறது. இது அவளுக்குத் தெரியக் கூடாத விஷயம். அதனால்தான் கடிதம்.

நீ செய்து அனுப்பிய சர்க்யூட் போர்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. அடுப்பின் சூட்டைப் பார்க்க ஒரு கண், ஆள் நடமாட்டத்தைப் பார்க்க ஒரு கண், அடுப்பு எரிந்துகொண்டே இருந்து பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் கத்துவதற்கு ஒரு வாய் என்று நீ சொன்ன மூன்றும் உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பச்சைத் தகட்டில் இருக்கின்றன. மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றேன், கத்தியது. "போர்டு என் வேலை, பெட்டி உங்க வேலை அத்தான். கண்ணாடித் தொழிற்சாலையில காலமெல்லாம் பேக்கிங் பாத்தவருக்குப் பெட்டி செய்ய நான் சொல்லித் தரணுமா?" என்று நீ கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைதான் என்னை இந்தப் பாடு படுத்தியது.

எதற்காக இந்தக் கருவி என்று உனக்கு அவசரத்தில் பாதிதான் சொன்னேன். மீதியையும் கேள். ஒருநாள் காலையில் நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கருகல் வாடை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் பால் முழுவதும் வற்றி, பாத்திரத்தின் அடி கரியாகி, பிடி உருகத் தொடங்கியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், உன் அக்கா மொட்டைமாடியில் துணி உலர்த்திவிட்டுக் காலி வாளியோடு இறங்கி வருகிறாள். "நீயா வச்சே?" என்று கேட்டேன். அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆமாங்க, நான்தான். வச்சதே மறந்துபோச்சு" என்றாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடிக்குப் போயிருக்கிறாள், பார்த்துக்கொள். அதற்குப் பிறகும் இப்படி நடந்தது. ஒரு தடவை அடுப்பின் பக்கத்தில் கிடந்த கைப்பிடித் துணியே பற்றிக்கொண்டது. அன்றைக்கு அவள் வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, தரையைத் துடைத்தாள். அன்றுதான் உன்னைக் கூப்பிட்டேன்.

கடையில் விற்கும் கருவியை வாங்கி மாட்டியிருக்கலாம். போய்ப் பார்த்தேன். எல்லாம் ஆஸ்பத்திரிச் சுவரில் இருப்பவை மாதிரி இருந்தன. அதை மாட்டினால், "உனக்கு மறதி நோய்" என்று எழுதிச் சமையலறையில் தொங்கவிட்டதற்குச் சமம். அவள் மனம் கோணக் கூடாது. பார்த்தால் அழகான ஒரு சாமான் மாதிரி இருக்க வேண்டும். மூலைகள் குத்தாமல், தொட்டால் வழுவழுவென்று இருக்க வேண்டும். அப்படி ஒன்றை நானே வரைவது என்று உட்கார்ந்தேன்.

நீ சொன்ன அந்த வரைபட மென்பொருளுக்குப் பெயர் கேட். பெயர்தான் கேட், உள்ளே நுழையத்தான் வழியில்லை. நீ அனுப்பிய போர்டின் கோப்பை அதில் இம்போர்ட் செய்தேன். திரை வெறுமையாக இருந்தது. மவுஸை உருட்டினேன், அப்போதும் வெறுமை. கம்ப்யூட்டரே பழுது என்று அணைக்கப் போனபோது, துடைப்பத்தோடு வந்த உன் அக்கா, "ஓரத்துல பச்சையா ஒரு புள்ளி தெரியுதே, அதுவா பாருங்க" என்றாள். அதுதான். பெரிதாக்கிப் பார்த்தால் போர்டு படுத்திருக்காமல், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. அதைப் படுக்க வைப்பதற்குள் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அதோடு விட்டதா? மில்லிமீட்டரா அங்குலமா என்று முதலிலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தது. எங்கள் தொழிற்சாலை மரப்பெட்டிக்கெல்லாம் அங்குலம்தான் கணக்கு. நானும் அங்குலம் என்று அழுத்தியிருந்தேன். போர்டின் மில்லிமீட்டர் கணக்கையெல்லாம் அது அங்குலமாக எடுத்துக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும்? திரையில் பார்க்க எல்லாம் ஒரே அளவாகத்தானே தெரிகிறது? சுற்றிலும் சுவர் எழுப்பி, மூடி போட்டு, மூலைகளை வளைத்து, பிரமாதமாக ஒரு பெட்டியை வரைந்து முடித்து, வரைந்ததைப் பொருளாகவே அச்சிட்டுத் தருகிற கடை தெருமுனையில் இருக்கிறதே, அங்கே கொண்டுபோனேன். கடைக்காரப் பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சார், இதுக்குள்ள நாய் படுக்கப் போகுதா?"

"இல்லம்மா, சர்க்யூட் போர்டு."

"அப்ப அந்த போர்டு கதவு அளவு இருக்கணுமே சார்!"

"ஒரு தடவை சரிபார்க்கத்தான் கொண்டுவந்தேன்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

மறுபடி மில்லிமீட்டரில் வரைந்து அச்சிட்டு வாங்கினேன். இந்தத் தடவை பெட்டி போர்டின் அளவுக்கு இம்மியும் பிசகாமல் இருந்தது. அதுதான் வினை. அழுத்தி உள்ளே வைத்தேன், போய் உட்கார்ந்தது, வெளியே வர மாட்டேன் என்றது. கவிழ்த்துத் தட்டினேன். வாயை வைத்து உறிஞ்சியும் பார்த்தேன். கடைசியில் உன் அக்கா பின்னல் ஊசியைக் கொண்டுவந்து, ஓரத்தில் கொடுத்து, ஒரு கீறலும் விழாமல் நெம்பி எடுத்தாள். "கண்ணாடி டம்ளருக்கெல்லாம் சுத்தி வைக்கோல் வைப்பீங்களே, இதுக்கு ஒரு நூலளவு இடம் விடக் கூடாதா?" என்றாள். நான் வைக்கோல் வைத்துக் கட்டியதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் கொஞ்சநேரத்துக்கு முன் பற்ற வைத்த அடுப்பு ஞாபகத்தில் இல்லை. இந்த மறதி எப்படிப்பட்ட வஞ்சகம் செய்கிறது பார்.

மூன்றாவது பெட்டியில் நூலளவு இடம் விட்டேன். போர்டு அழகாக உட்கார்ந்தது. ஆனால் மின்சார ஒயர் செருகும் ஓட்டை ஒரு பக்கம், போர்டில் ஒயர் செருகும் வாய் எதிர்ப் பக்கம். போர்டைப் படுக்க வைத்தபோது குப்புறப் படுக்க வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. திருத்தலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தால் வரைந்த படத்தையே காணோம். எந்தப் பெயரில் சேமித்தேன் என்று எனக்கு நினைவில்லை. வயதானால் இதெல்லாம் சகஜம்தான், நோய் அல்ல. நான் தேடுகிறதைக் கேட்டுச் சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்: "'கடைசி'ன்னு ஒண்ணு இருக்கும், அது இல்லை. 'உண்மையான கடைசி'ன்னு இன்னொண்ணு இருக்கும், அதுவும் இல்லை. 'பெட்டி'ன்னு சும்மா ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுதான்." அதுவேதான். இவ்வளவு கூர்மையான பெண்ணுக்கா இப்படி ஆக வேண்டும் என்று திரையைப் பார்த்தபடியே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டது மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற மாதிரிதான் வெளியே தெரிந்திருக்கும்.

நான்காவது பெட்டியில் போர்டின் இரண்டு கண்களுக்கும் ஓட்டை வைக்கவில்லை. கண்ணைக் கட்டிக் காவலுக்கு நிறுத்திய கதை. கடைக்காரப் பெண்தான் கண்டுபிடித்தாள். "இது எதைப் பாக்கணும் சார்?" என்று கேட்டாள். அடுப்பை என்றேன். யார் வீட்டு அடுப்பை என்று அவள் கேட்கவில்லை. ஆனாலும் நானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவள், ஓட்டைகளை அவளே போட்டு, அச்சு இயந்திரத்தை ஓடவிட்டு, "அம்மாவுக்குப் பிடிச்ச நிறம் என்ன சார்?" என்றாள். எனக்குச் சட்டென்று வரவில்லை. வெளியே நின்று போன் போட்டு உன் அக்காவிடமே கேட்டேன். "எதுக்கு?" என்றாள். சும்மா என்றேன். "கருநீலம். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து அதுதான்" என்றாள்.

இப்போது அந்தக் கருநீலப் பெட்டி அடுப்புக்கு மேலே சுவரில் இருக்கிறது. அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. "இது எதுக்குங்க?" என்றாள். "சமையலறை எவ்வளவு சூடா இருக்குன்னு பாக்கறதுக்கு" என்றேன். "சூடாத்தான் இருக்கும். பாக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு மூலைகளைத் தடவிப் பார்த்தாள். "வழுவழுன்னு நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள். என் ஆயுளில் நான் கட்டிய எந்தப் பெட்டிக்கும் இப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை.

மாட்டிய மறுநாளே அது கத்தியது. நான் எழுந்து ஓடினேன். எங்கிருந்தோ அவள் எனக்கு முன்னால் போய் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். "மறந்துட்டேங்க" என்றாள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான், எனக்கு முன்னால் ஓடிவிடுகிறாள். குற்ற உணர்ச்சி, பாவம். பெட்டி வேலை செய்கிறதே என்று சந்தோஷப்படுவதா, வேலை செய்ய வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. ஞாபகமறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் வரும் செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். பொதுவான பரிசோதனை என்று சொன்னேன். மறுப்பாள் என்று பயந்தேன். "சரிங்க, நீங்களும் கூட வரணும், உள்ளே வந்து பக்கத்துல உக்காரணும்" என்று உடனே ஒப்புக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் தலையாட்டியதில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

நீ போனில் பேசும்போது இதைப் பற்றி மூச்சுவிடாதே. அவள் ஏதாவது மறந்து பேசினால் திருத்தாதே; விட்டுக்கொடுத்துப் பேசு. நான் பக்கத்தில் இருக்கிறவரை அவளுக்கு ஒரு குறையும் வராது. கடிதத்தைத் தபாலில் போடும் வேலையை அவளிடமே கொடுக்கிறேன். ஒரு பொறுப்பு கொடுத்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும். உறையை நன்றாக ஒட்டிவிட்டேன், ஆகவே படித்துவிடுவாள் என்ற பயம் இல்லை.

நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் எந்த ஒயரும் தளராமல், எந்தத் திருகும் கழலாமல், ஒருவருக்கொருவர் நூலளவு இடம் விட்டு நெடுநாள் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதுகிறேன். உறையை ஒட்டிவிட்டதாக எழுதியிருக்கிறார். ஒட்டவில்லை. தபால்தலையும் இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன். அடுப்பை மறப்பது நான் இல்லை. அன்றைக்குப் பால் வைத்தது அவர். கருகின பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு "நீயா வச்சே?" என்று கேட்டார். அதட்டிக் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டேனா என்று ஏங்கின மாதிரி இருந்தது அந்த முகம். சொல்லிவிட்டேன். பிறகு மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை. டாக்டரிடம் நான் முன்பே போய்ப் பேசியாகிவிட்டது. அவர் எனக்குத் துணைக்கு வருவதாகவே நினைத்துக்கொண்டு வரட்டும்; என்னிடம் கேட்கிற கேள்விகளைப் பேச்சோடு பேச்சாக அவரிடமும் கேட்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ பதறாதே. பெட்டி நன்றாக வந்திருக்கிறதாமே என்று மட்டும் போனில் அவரிடம் சொல். உண்மையிலேயே நன்றாகத்தான் வந்திருக்கிறது. இதோ, கத்துகிறது. அவர் எழுந்து வருவதற்குள் நான் போய் மறந்துவிட்டு வருகிறேன்.